இந்த மாதக் கூட்டத்தில் ஒரு கேம் பேசுவோம்



நூலக மாடியிலும் பள்ளி வகுப்பறையிலும் யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலும் மாதம் ஒருமுறை கூடி, ஒரு சிறுகதைத் தொகுப்பையோ நாவலையோ எடுத்துப் பேசுகிறீர்களே, அந்த எல்லா ஊர் வாசகர் வட்ட நண்பர்களுக்குமாக இதை எழுதுகிறேன். ஒரு கதைக்கு அந்தக் கடைசிப் பத்தி தேவைதானா என்று டீ ஆறிப்போகும்வரை வாதாடத் தெரிந்தவர்கள் நீங்கள். அந்த வாதத்தை நம்பித்தான் கேட்கிறேன்: ஏதாவது ஒரு மாதக் கூட்டத்தை ஒரு வீடியோ கேமுக்குக் கொடுங்கள்.

கேம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும் என்று தெரியும். துப்பாக்கிச் சத்தம், ராத்திரி இரண்டு மணிக்கும் தூங்காத பிள்ளை, போனுக்குள் உட்கார்ந்து காசு கேட்டுக்கொண்டே இருக்கும் செயலிகள். அந்தக் கவலைகள் நியாயமானவை. நான் பேச வந்தது வேறு வகை. ஒருவரோ, இருவரோ, நாலு நண்பர்களோ, மிஞ்சிப்போனால் ஒரு சின்னக் குழுவோ சேர்ந்து வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் கேம்கள். இண்டி கேம் என்பார்கள். சில, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்; சில, ஐந்தே நிமிடத்தில். எடுத்துக்கொள்ளும் விஷயங்கள் விசித்திரமாக இருக்கும்: பெட்டி பிரித்துச் சாமான் அடுக்குவது, பாஸ்போர்ட் சோதிப்பது, வெள்ளை வாத்தாகப் பிறந்து ஒரு ஊரையே படுத்தி எடுப்பது. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ சிறுபத்திரிகையைத் தொடங்கியபோது, பெரிய பத்திரிகைகள் தொடத் தயங்கியதற்கெல்லாம் அதில் இடம் கிடைத்தது. கேம் உலகத்தின் சிறுபத்திரிகைகள் என்று இந்த இண்டி கேம்களைச் சொல்வேன்.

ஏன் உங்களிடம் கேட்கிறேன்? கேம் ஆடுகிற பையன்கள் கிராபிக்ஸ் எப்படி, எத்தனை மணி நேரம் ஓடும், விலை என்ன என்று பேசுவார்கள். அது வேண்டியதுதான். ஆனால் ஒரு கேமின் வடிவம் என்ன, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது, சொல்லாமல் விட்டதை நாம் எப்படி நிரப்புகிறோம் என்றெல்லாம் பேசுவதற்கு வேறு பழக்கம் வேண்டும். வாசக இடைவெளி என்று நீங்கள் கதைகளில் தேடுகிறீர்களே, அது இந்தச் சின்ன கேம்களில் தாராளமாக இருக்கிறது. அதோடு கதையில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. கதையில் ஒருவன் தப்புச் செய்தால் நாம் பார்க்கிறோம், புரிந்துகொள்கிறோம், சில சமயம் மன்னிக்கிறோம். கேமில் செய்கிறவர் நாம். விரலை அழுத்தாமல் அந்தத் தப்பு நடக்காது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் செய்திருக்கும் காரியங்களைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். விமர்சனம் என்று சொல்ல முடியாது. ஆடி முடித்ததும் மனதில் தங்கியவை.

முதலில் ‘அன்பேக்கிங்’. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனைச் சேர்ந்த விட்ச் பீம் குழு 2021இல் வெளியிட்டது. ஒரு பெண் வீடு மாறுகிறாள். 1997இல் சிறுமியாகத் தனக்கென்று ஓர் அறை கிடைப்பதில் தொடங்கி 2018வரை எட்டு முறை. அட்டைப்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானாக எடுத்து அதனதன் இடத்தில் வைப்பது நம் வேலை. வேறு வேலையே கிடையாது. அந்தப் பெண் நேரில் திரைக்கு வருவதே இல்லை. வசனம் இல்லை. ஒவ்வொரு வீடும் முடிந்ததும் ஆல்பத்தில் ஒரு படம், கீழே ஒரு வரி. எழுத்து என்று இருப்பது அவ்வளவுதான். ஆங்கிலம் தெரியாதவர்களும் தாராளமாக ஆடலாம்.

சமையலறைப் பெட்டியில் பாத்திரங்களுக்கு நடுவே குளியலறைச் சாமான் ஏதாவது கிடக்கும். வீடு மாற்றும் அவசரத்தில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே. ஒரு குவளையை மர அலமாரியில் வைத்தால் ஒரு சத்தம், ஓடு பதித்த மேடையில் வைத்தால் வேறு சத்தம், துணிமேல் வைத்தால் இன்னொன்று. இதற்கென்றே 14,000க்கும் மேற்பட்ட ஒலித்துணுக்குகளைச் சேர்த்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ அடுத்த அறையில் சாமான் அடுக்குகிறார்கள் என்றே தோன்றும்.

2010ஆம் ஆண்டு வீட்டைப் பற்றித்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவள் காதலனின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிறாள். அறை சுத்தமாக, அழகாக, சாம்பல் நிறமாக இருக்கிறது. அவன் சாமான் எல்லா இடத்தையும் பிடித்திருக்கிறது. அவன் சட்டைகளை நெருக்கித் தள்ளி இவள் உடைகளுக்கு இடம் பண்ணுகிறோம். அவன் பொருட்களை ஓரம் கட்டி இவள் பொம்மைகளை நுழைக்கிறோம். கடைசியாக ஒரு பெட்டியிலிருந்து சட்டம் போட்ட பட்டச் சான்றிதழ் வருகிறது. முந்தைய வீடுகளில் அவள் வரைந்ததையும் படித்ததையும் பார்த்திருக்கிறோம்; அந்தக் காகிதத்துக்கு என்ன விலை கொடுத்திருப்பாள் என்று நமக்குத் தெரியும். சுவரில் மாட்டப் போனால் இடம் இல்லை. அவன் படங்கள். அலமாரியில் வைத்தால் ‘இங்கே இல்லை’ என்று சிவப்புக் கோடு போடுகிறது கேம். சமையலறைக்குக் கொண்டுபோகிறோம், குளியலறைக்குக்கூடக் கொண்டுபோகிறோம். கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் சிவப்புக் கோடு போகிறது.

இதை அம்மாவிடம் கொடுத்து ஆடச் சொன்னேன். மவுஸ் பிடிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். சமையலறையை மட்டும் என்னைவிட வேகமாக முடித்தார்; தினம் எடுப்பது கைக்கெட்டும் தட்டிலும் வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது மேல்தட்டிலுமாகப் போனது. சான்றிதழைக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும் என்று தெரிந்ததும் மவுஸை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ இந்த வீட்ல இருக்க மாட்டா” என்றார்.

அடுத்தது 2012. அவள் பெற்றோர் வீட்டுக்கு, அதே பழைய அறைக்குத் திரும்பி வந்திருக்கிறாள். பெட்டியில் அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ இருக்கிறது. குண்டூசி அவன் முகத்தில் குத்தியிருக்கிறது. அதைப் பலகையில் மாட்டினால் கேம் ஒத்துக்கொள்வதில்லை. கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒளித்துவைக்க வேண்டும். ஒரு சண்டைக்காட்சி இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இந்த இரண்டு பொருட்களை எங்கே வைப்பது என்பதற்குள் ஒரு உறவு உடைந்த கதை முழுதும் இருக்கிறது. சிறுகதை எழுதுகிறவர்கள் இந்தச் சிக்கனத்தைப் பார்க்க வேண்டும். சாமான்களை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று மாற்றிக்கொள்ளும் வசதியும் இந்த கேமில் உண்டு. முதல்முறை ஆடுகிறவர்கள் அதைத் தொடாதீர்கள். இடம் மறுக்கப்படுவதுதான் கதை.

‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். லூகாஸ் போப் என்ற ஒற்றை ஆள் செய்து 2013இல் வெளியிட்டது. 1982ஆம் வருடம், ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு. தொழிலாளர் குலுக்கலில் நமக்கு எல்லைச் சோதனைச் சாவடியில் வேலை விழுகிறது. வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டை வாங்கி, தேதி, படம், ஊர்ப்பெயர் எல்லாம் சரியா என்று பார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். எத்தனை பேரைச் சரியாகப் பார்த்தோமோ அதற்கேற்ற கூலி. ஒரு நாளில் இரண்டு தவறுகள்வரை எச்சரிக்கைச் சீட்டு. மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். சாயங்காலம் வீட்டுக்கணக்கு: வாடகை, சாப்பாடு, கணப்பு. காசு போதாவிட்டால் பையனுக்குக் குளிர், மாமியாருக்குக் காய்ச்சல் என்று ஒரு வரியில் செய்தி வரும்.

முதல் சில நாட்களிலேயே ஒரு தம்பதி வருவார்கள். கணவனின் காகிதங்கள் எல்லாம் சரி. அவர் உள்ளே போகும்போது அடுத்து வருவது தன் மனைவி, அவளிடம் இரக்கம் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவள் வருகிறாள். நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. என்ன செய்வோம்? கதையாக இருந்தால் அந்த அதிகாரி செய்ததைப் படித்துவிட்டு அவனைத் திட்டலாம். இங்கே முத்திரை நம் கையில் இருக்கிறது. அன்றைக்கு ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கிவிட்டோமா, பையனுக்கு மருந்து வாங்க வேண்டுமா என்று மனம் கணக்குப் போடுகிறது. கணக்குப் போடுகிறோம் என்பதே நம்மை உறுத்துகிறது. இந்த இடத்தில் கேம் எந்தப் பிரசங்கமும் செய்வதில்லை. வரிசையில் அடுத்த ஆள் காத்திருக்கிறார், கடிகாரம் ஓடுகிறது.

இந்த கேமின் பலம் அந்த மேசை. வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார் போப். பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு, வேலைச் சீட்டு, விதிப் புத்தகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து, தேடும் காகிதம் எப்போதும் அடியில் இருக்கும். நாளாக ஆகப் புது விதிகள் வந்துகொண்டே இருக்கும். காலையில் அனுதாபத்தோடு வேலையைத் தொடங்குகிற நாம் சாயங்காலத்துக்குள் எரிச்சல்படத் தொடங்குகிறோம். வரிசையில் நிற்கிற மனிதர்களின் முகம் மறைந்து தேதியும் எண்ணும் மட்டும் தெரிகின்றன. அரசு அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று காத்திருந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதை எனக்கு இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாவல் அதிகம் இல்லை. நடுவில் யோர்ஜி என்று ஒரு கிழவர் வருவார். முதலில் பாஸ்போர்ட்டே இல்லாமல் வருவார். பிறகு இல்லாத ஒரு நாட்டின் பெயரில் கையாலேயே வரைந்த பாஸ்போர்ட்டை நீட்டுவார். திருப்பி அனுப்பினாலும் கோபப்படாமல் சந்தோஷமாகப் போவார். கேம் நெடுகிலும் அவரைப் பார்த்தால் மட்டும் மனசு லேசாகும்.

‘ஃபுளோரன்ஸ்’ போனில் ஆடும் கேம். மெல்பர்னைச் சேர்ந்த மவுன்டன்ஸ் குழு 2018இல் செய்தது. ஃபுளோரன்ஸ் என்ற பெண்ணும் கிரிஷ் என்ற செல்லோ வாசிப்பவனும் சந்திக்கிறார்கள், சேர்கிறார்கள், பிரிகிறார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் சந்திப்பில் அவள் பேச வேண்டிய ஒவ்வொரு பேச்சையும் நாம் துண்டுகள் சேர்த்து உருவாக்க வேண்டும். நிறைய துண்டுகள், சேர்க்க நேரமாகிறது, தடுமாறுகிறோம். பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன. பிறகு ஒரே துண்டுதான், இடத்தில் வைத்தால் போதும், பேச்சு தானாக வருகிறது. சண்டை வந்ததும் துண்டுகளின் ஓரம் கூராகிவிடுகிறது. ஒருவரிடம் பேசப் பழகுவது இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. முடிவு மட்டும் எனக்குக் கொஞ்சம் அவசரமாகப் பட்டது. அவள் வாழ்க்கை அவ்வளவு சுலபமாகச் சரியாகியிருக்க வேண்டாம். உங்களில் சிலர் இதை மறுப்பீர்கள் என்று நினைக்கிறேன், மறுத்தால் கேட்க ஆசை.

அடுத்து ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்’, 2017. ஜயன்ட் ஸ்பேரோ என்ற அமெரிக்கக் குழுவின் கேம். வாஷிங்டன் மாநிலத்துத் தீவு ஒன்றில் ஒரு பெரிய வீடு. அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் விசித்திரமாக இறந்திருக்கிறார்கள். ஈடித் திரும்பி வந்து அறை அறையாகத் திறந்து பார்க்கிறாள். ஒவ்வொரு மரணமும் ஒரு தனிக் கதை, ஒவ்வொன்றையும் ஆடும் விதமும் வேறு. எல்லாக் கதைகளும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சில, உத்திக்காகவே எழுதிய கதைகள் மாதிரி இருக்கின்றன. லூயிஸின் கதைக்காக அவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

லூயிஸ் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கிறான். இரண்டு கையாலும் பிடித்து ஆடும் கன்ட்ரோலரின் வலது கை ஜாய்ஸ்டிக்கால் மீனை எடுத்து, கத்திக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டி, ஓடும் பட்டையில் போட வேண்டும். எடு, வெட்டு, போடு. கொஞ்ச நேரம் இதை மட்டும் செய்கிறோம். பிறகு அவன் மனதில் ஒரு கற்பனை தொடங்குகிறது: திரையின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு ஆள், ஒரு வழி. அந்த ஆளை நடத்துவது இடது கை. வலது கை மீன் வெட்டிக்கொண்டே இருக்க, இடது கையால் நாம் ஊர்களைத் தாண்டிப் போகிறோம், ஆற்றில் படகு ஓட்டுகிறோம். கற்பனை பெரிதாகிக்கொண்டே வந்து திரை முழுதும் பரவிவிடுகிறது. ஆலை கண்ணுக்குத் தெரிவதில்லை. வலது கை மட்டும் நிற்கவில்லை. எடு, வெட்டு, போடு. நாம் மீனைப் பார்க்காமலேயே வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்று உணரும் கணத்தில், ஒரு தொழிலாளியின் மனம் வேலையை விட்டு எப்படிப் பிரிந்து போகிறது என்பது நம் கை வழியாகப் புரிகிறது. இதையெல்லாம் அவனுடைய மனநல மருத்துவர் அவன் அம்மாவுக்கு எழுதும் கடிதமாகக் கேட்கிறோம். முடிவைச் சொல்ல மாட்டேன். ஆலையிலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள் உங்கள் வட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து இந்தப் பகுதியை ஆடச் சொல்லிவிட்டு, அவர்களையே முதலில் பேசவிடுங்கள்.

எல்லாம் இப்படிக் கனமானவை என்று நினைத்துவிடாதீர்கள். ‘அன்டைட்டில்டு கூஸ் கேம்’ 2019இல் வந்தது. மெல்பர்னைச் சேர்ந்த நாலு நண்பர்களின் வேலை. ஆங்கிலேயக் கிராமம் ஒன்றில் நாம் ஒரு வாத்து. தோட்டக்காரரின் சாவியைத் திருட வேண்டும், அவர் வாரும் மண்வாரியை ஏரியில் போட வேண்டும். கத்துவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு, காரியத்துக்கு உதவினாலும் உதவாவிட்டாலும் அழுத்திக்கொண்டே இருப்போம். பின்னணியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் பியானோ இசை. நாம் பதுங்கும்போது தயங்கித் தயங்கி வருகிறது, துரத்தப்படும்போது ஓடுகிறது. அந்த இசைத் துண்டுகளை நம் திருட்டுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். குழந்தைகள் வருகிற கூட்டமென்றால் இதை வையுங்கள்.

‘பாபா இஸ் யூ’ ஃபின்லாந்தின் ஆர்வி தெய்காரி செய்தது, அதுவும் 2019. இலக்கணத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்காது. விளையாட்டின் விதிகளே சொற்கட்டைகளாகத் தரையில் கிடக்கின்றன. ‘சுவர்’, ‘என்பது’, ‘தடை’ என்ற பொருளில் மூன்று கட்டைகள் வரிசையாக இருந்தால் சுவரைத் தாண்ட முடியாது. அதில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டால் வாக்கியம் கலைந்தது, சுவருக்குள் நடந்து போகலாம். பாறைதான் நான் என்று வாக்கியம் அமைத்தால் பாறையாகிவிடுகிறோம். ‘நான்’ யார் என்று சொல்லும் வாக்கியத்தையே தெரியாமல் உடைத்துவிட்டால் உலகத்தில் நாம் இல்லை. எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை, ஒரு படி பின்னே போய்த்தான் மீள வேண்டும். பின்பாதிப் புதிர்கள் மிகக் கடினம். கூட்டத்துக்கு முதல் பத்துப் பன்னிரண்டு போதும்.

பென்னெட் ஃபாடி செய்த ‘கெட்டிங் ஓவர் இட்’ பற்றி ஒரு வார்த்தை. அண்டாவுக்குள் இடுப்புவரை அமர்ந்த ஒரு மனிதன், கையில் சம்மட்டி, எதிரில் மலை. மவுஸை மட்டும் அசைத்து ஏற வேண்டும். ஒரு பிசகு, அடிவாரத்துக்கே வந்துவிடுவோம். பழைய இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. விழும்போதெல்லாம் ஃபாடியே குரலில் வந்து தோல்வியைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பேச்சு எனக்கு அதிகம். விழுந்த வலியை அனுபவிக்கக் கொஞ்சம் மௌனம் வேண்டாமா? ஆனாலும் இதன் நேர்மை பிடிக்கும். ஏறினால் அது நம் ஏற்றம், கேம் துளியும் உதவவில்லை.

‘எ ஷார்ட் ஹைக்’ இதற்கு நேர் எதிர். கனடாவின் ஆதம் ராபின்சன்-யூ செய்தது. கிளேர் என்ற பறவைப்பெண் ஒரு முக்கியமான போன் அழைப்புக்குக் காத்திருக்கிறாள், மலையுச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். ஏறுகிறோம். வழியில் யாரோ தொலைத்ததைத் தேடித் தருகிறோம், மீன் பிடிக்கிறோம், பேசிக்கொண்டிருக்கிறோம், யாரும் அவசரப்படுத்துவதில்லை. அழைப்பு என்னவென்று மேலே போனால் தெரியும். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், அவள் வழி நெடுக ஏன் இத்தனை பேரிடம் நின்று நின்று பேசினாள் என்று யோசித்தேன்.

தமிழ் வாசகர்களுக்கு எழுதும்போது ‘வெண்பா’வைத் தாண்டிப் போக முடியாது. டொரன்டோவின் விசை கேம்ஸ் குழு 2023இல் வெளியிட்டது. அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. 1980களின் இறுதியில் கனடாவுக்குப் போன வெண்பாவும் பாவலனும் அவர்கள் மகன் கவினும்தான் கதை. அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. மிச்சமிருக்கும் வரிகளை வைத்து இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேல்வரை ஏறும், புட்டுக் குழலில் எது முதலில் என்று யோசித்துச் சமைக்க வேண்டும். அடுப்பில் எண்ணெய் காயும் சத்தத்தையும் வருடத்துக்கு வருடம் மாறும் திரையிசையின் சாயலையும் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கவின் வளர வளர வீட்டுக்குள் தமிழ் எப்படி ஒருபக்கப் பேச்சாகிறது என்பதை நன்றாகக் காட்டியிருக்கிறார்கள்.

அதே அன்போடு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த கேமில் தப்பாகச் சமைத்தால் எதுவும் ஆவதில்லை, மறுபடி தொடங்கலாம். சமைப்பதில் நம் விரல் புதிரை அவிழ்க்கிறது, உறவின் பாரத்தைச் சுமப்பது வசனம்தான். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ மேசையில் நடப்பது இந்த அடுப்பில் நடக்கவில்லை. மகனுக்காகச் செய்யும் சாப்பாட்டை ஒருமுறையாவது நாமே வீணாக்கியிருந்தால், வெண்பாவின் துக்கம் இன்னும் கிட்டே வந்திருக்கும். இப்படிச் சொல்வதால் யாரும் இதை ஆடாமல் விட்டுவிடக் கூடாது. நம்மைப் பற்றி வந்ததாலேயே பாராட்டிவிட்டு நகர்ந்தால், செய்தவர்களின் உழைப்புக்கு அது மரியாதை ஆகாது. நம் சிறுகதைகளை நாம் அப்படி விடுவதில்லையே.

இனி கூட்டத்தை எப்படி நடத்தலாம் என்று சொல்கிறேன். எல்லோரும் வீட்டிலேயே ஆடிவிட்டு வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் பாதிப்பேர் வர மாட்டார்கள். கூட்டத்திலேயே ஆடக்கூடிய ஒன்று வேண்டும். அதற்கு ஜேசன் ரோரரின் ‘பாஸேஜ்’ சரியாக இருக்கும். 2007இல் வந்தது, இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஐந்து நிமிடம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முதலாக கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, அந்தப் பதினான்கில் இதுவும் ஒன்று.

திரை ஒரு நீண்ட மெல்லிய கீற்று. 100 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். இடது ஓரத்தில் ஒரு இளைஞன். வலதுபக்கம் இன்னும் வராத காலம் மங்கலாக நெருங்கிக் கிடக்கிறது. நடக்கத் தொடங்கியதுமே ஒரு பெண்ணைப் பார்க்கிறோம். தொட்டால் சேர்ந்து வருவாள். சேர்ந்துவிட்டால் இருவருமாகக் குறுகலான வழிகளில் நுழைய முடியாது. அங்கேதான் புதையல் பெட்டிகள் இருக்கின்றன. தனியாகப் போனால் எங்கும் நுழையலாம். வயது ஏற ஏற அவன் திரையில் வலப்பக்கம் நகர்கிறான், முன்னால் இருப்பது குறைகிறது, கடந்து வந்தது இடப்பக்கம் நெருங்கிச் சுருங்குகிறது. தலை நரைக்கிறது. அவள் இறந்த இடத்தில் ஒரு கல். அதற்குப் பிறகு அவன் நடை தளர்ந்துவிடுகிறது, எவ்வளவு அழுத்தினாலும் வேகம் வராது. ஐந்து நிமிடம் முடியும்போது அவனும் முடிகிறான்.

புரொஜெக்டர் இருந்தால் சுவரில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்காரலாம். நாலைந்து பேர் ஒருவர்பின் ஒருவராக ஆடட்டும், மற்றவர்கள் வாய் திறக்காமல் பார்க்கட்டும். முதலில் ஆடுபவருக்கு எந்த விளக்கமும் தர வேண்டாம். அவர் அந்தப் பெண்ணைத் தொட்டாரா, சுற்றிக்கொண்டு தனியாகப் போனாரா என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். இரண்டாவதாக ஆடுபவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். தெரிந்த பிறகும் தொடுகிறாரா என்று பாருங்கள். தொட்டவரிடமும் தொடாதவரிடமும் காரணம் கேளுங்கள், கொஞ்ச நேரம் யாரும் குறுக்கிட வேண்டாம். புதையலுக்காகவே கடைசிவரை தனியாகப் போன ஒருவர் உங்கள் வட்டத்திலும் இருப்பார். அவர் சொல்வதையும் முழுதாகக் கேளுங்கள்.

அது பிடித்துப்போனால் அடுத்த மாதத்துக்கு ‘அன்பேக்கிங்’, அதற்கடுத்து ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. இரண்டும் இப்போது போனிலும் கிடைக்கின்றன. ஒருவர் வாங்கிக் கூட்டத்தில் எல்லோரும் மாறி மாறி ஆடினால் செலவு ஒரு புத்தகத்தின் விலைக்குள் அடங்கிவிடும். திருட்டுப் பிரதி மட்டும் வேண்டாம். ஒற்றை ஆளோ சின்னக் குழுவோ வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்தது, அந்த உழைப்புக்கான பணம் அவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.

எந்த ஊர் வட்டம் முதலில் நாள் குறித்தாலும் வருகிறேன். லேப்டாப்பும் இரண்டு கன்ட்ரோலரும் ஒரு மவுஸும் என்னிடம் இருக்கின்றன, எடுத்து வருகிறேன். கூட்டம் நடக்கும் இடத்தில் ஒரு ப்ளக் பாயின்ட் மட்டும் பார்த்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காரும் ஒரு வாசகர்